கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவர்

மாரீஸ்வரியை நல்ல சமையல்காரி என்று சொல்ல முடியாது. அவருடைய சாம்பார் பெரும்பாலும் நீர்த்திருக்கும். இட்லி வாரத்தில் இரண்டு நாள் பூப்போல வரும். மற்ற நாள்களில் சட்னியைத் தாராளமாக ஊற்றிக்கொள்ள வேண்டும். உளுந்தங்களி கிண்டினால் எங்கேயோ ஓரிடத்தில் கட்டி தட்டுப்படும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்தில் அவர் முப்பத்தொரு வருஷமாகக் குடியிருக்கிறார். யார் கைக்கு எது வரும், எது வராது என்பது அங்கே ரகசியமில்லை.

ஆனால் உப்பு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எலுமிச்சை ஊறுகாய் போடுகிறவர்கள், பழத்தை நறுக்கி உப்பில் பிசறிய மறுநாள், ஒரு துண்டைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு அவர் வாசலுக்கு வருவார்கள். அதை வாயில் போட்டுக்கொண்டு அவர் கண்ணை மூடுவதில்லை, சப்புக்கொட்டுவதுமில்லை. பேசிக்கொண்டிருந்த பேச்சை முடித்துவிட்டு, இன்னும் ஒரு கை போடு, இப்படியே வைத்தால் சித்திரைக்குள் பூசணம் பிடித்துவிடும் என்பார். முறுக்கு மாவைப் பச்சையாகவே நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார். வடாம் கூழ்தான் கடினம். கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்த பிறகு கரிக்கும். ஆகவே கூழில் அது போதாமல் இருக்க வேண்டும், அதுவும் சரியான அளவுக்குப் போதாமல் இருக்க வேண்டும். அந்தப் போதாமையை அவர் நாக்கு அறியும்.

இது அவர் உழைத்துப் பெற்றதல்ல. யாரும் கற்றுக்கொடுத்ததல்ல, அவராலும் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. அப்படி வந்த ஒன்றுக்காக ஒருவரைப் பாராட்டலாமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். கரண்டியோடு வந்து நின்ற எவரையும் அவர் காக்கவைத்ததில்லை. அதற்காக வேண்டுமானால் பாராட்டலாம்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இருபது வயதில் நாகராஜுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார். நாகராஜ் துணிப் பட்டறையில் இஸ்திரி போடுகிறவர். ஒரே மகளை விக்ரோலியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மாரீஸ்வரி வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டுகிறார்: பட்டறையிலிருந்து மூட்டையாக வரும் குழந்தைகள் சட்டைகளில் தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கும் வேலை. ஒழுங்காகச் செய்தால், செய்தது கண்ணுக்கே தெரியாத வேலை அது. சந்தில் அவரை யாராவது தேடி வருகிறார்கள் என்றால் உப்புக்காகத்தான்.

பக்கத்து வீடு மெஹராஜுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டில் கேட்கும். மெஹராஜ் கடையநல்லூர்க்காரர். கணவர் ஜெயினுலாப்தீன் தோல் பெல்ட் தைக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். மாரீஸ்வரி அவரை அண்ணன் என்று அழைப்பதால் மெஹராஜ் மைனி ஆனார். மெஹராஜுக்கும் இவர் மைனி.

மாரீஸ்வரி மும்பைக்கு வந்த முதல் வருஷத்து ரமலான் மாதத்தில்தான் மெஹராஜ் வீட்டுக் கஞ்சிக்கு உப்புப் பார்க்கும் வழக்கம் தொடங்கியது. நோன்பு வைத்திருக்கிறவர் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மெஹராஜுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பகல் முழுவதும் காத்ததைக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு சொட்டுக் கஞ்சிக்காகச் சந்தேகத்தில் விட அவர் தயாராக இல்லை. அன்று நோன்புக் கஞ்சிக்கு அவர் உப்புப் போட்டார். அது தெரியாமல் அவர் மாமியாரும் போட்டார். பாங்கு சொன்னதும் வீட்டில் எல்லோரும் முதல் மிடறைக் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் மெஹராஜ் இதைச் சொல்லும்போது அழுகிற நிலையில் இருந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த பெண் குடத்தை இறக்கி வைத்தார்.

“சுவத்துல ரெண்டு தட்டு தட்டியிருந்தா நான் வந்து பாத்திருப்பேம்லா.”

அன்று மாலை மெஹராஜ் சுவரைத் தட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரமலானிலும், மாலை ஐந்து மணி வாக்கில், சுவரில் இரண்டு தட்டு விழும். மாரீஸ்வரி கத்தரியை வைத்துவிட்டுப் போவார். மெஹராஜ் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊதிக் கொடுப்பார். மாரீஸ்வரி வாயில் வைத்து, சரி என்பார், அல்லது இவ்வளவு போடு என்பார். அந்த வீட்டில் நோன்பில்லாதவர்கள் இருந்த வருஷங்களும் உண்டு, சிறு பிள்ளைகள், உடம்புக்கு முடியாதவர்கள் என்று. அப்போதும் சுவர் தட்டப்பட்டது. நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாரீஸ்வரி வீட்டிலிருந்து ஒரு தட்டு பருப்பு வடை அங்கே போகும். அங்கிருந்து ஒரு தூக்குக் கஞ்சி இங்கே வரும். இதற்கு மேடையில் பேசத்தக்க பெயர்கள் சில உண்டு. சந்தில் யாருக்கும் அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. கஞ்சிக்கு உப்புப் பார்க்க நோன்பில்லாத ஒரு நாக்கு வேண்டும். பக்கத்து வீட்டில் அது இருந்தது.

இந்த வருஷம் தை மாதத்தில் மாரீஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது. சந்தில் பாதிப் பேருக்கு வந்த சாதாரணக் காய்ச்சல்தான். ஐந்து நாளில் விட்டுவிட்டது. ஆறாம் நாள் காலையில் காபி குடித்தார். அது காபியாக இல்லை, வேறு எதுவாகவும் இல்லை. வாய் கசந்து கிடக்கிறது, இரண்டு நாளில் சரியாகும் என்று விட்டுவிட்டார். நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டைக் கடித்தபோதுதான் பயம் வந்தது. பல்லுக்கு நார்த்தங்காய் தெரிந்தது, நாக்குக்குத் தெரியவில்லை.

நாகராஜ் மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் தட்டைப் பார்த்தபடி கேட்டார்: “ஏளா, வெண்டக்காய்க்கு உப்புப் போட்டியா, உப்புக்கு வெண்டக்காய் போட்டியா?”

அப்போதுதான் மாரீஸ்வரி சொன்னார். நாகராஜ் அவரை சயானில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், சில வாரத்திலும் திரும்பலாம், சில மாதமும் ஆகலாம், திரும்பாமலே போனவர்களும் உண்டு என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மாரீஸ்வரி கணவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: யாரிடமும் சொல்லக் கூடாது.

“நாக்குக்கு என்ன பட்டமா குடுத்திருக்காவ, பறிச்சிருவாவன்னு பயப்படுதே?” என்றார் நாகராஜ். மாரீஸ்வரி சிரிக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து நாகராஜ் சரி என்றார்.

மாசி மாதத்தில் எலுமிச்சைத் துண்டோடு வந்தவர்களிடம் வாய்ப்புண் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுச் சமையலுக்கு உப்பைக் கரண்டியால் அளந்து போடப் பழகிக்கொண்டார். நாகராஜ் தட்டைக் காலி செய்தால் சரி, தண்ணீர்ச் செம்பை அடிக்கடி எடுத்தால் அதிகம் என்று கண்டுகொண்டார். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் ரமலான் பிறை தெரிந்தது என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள்.

முதல் நோன்பன்று ஐந்து மணிக்குச் சுவரில் இரண்டு தட்டு விழுந்தது.

மெஹராஜ் வீட்டில் அந்த வருஷம் புதிதாக ஒருவர் இருந்தார், மருமகள் ஷைஸ்தா. மகன் ஆஷிக்குக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ஷைஸ்தாவின் குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக இதே மும்பையில், கோவண்டியில் இருப்பவர்கள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை இந்திக்குப் போய்விட்டு வருவாள். அவளுக்கு ஐந்தாவது மாதம். நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சாப்பிடுகிறவள்தான், அவளே உப்புப் பார்த்திருக்கலாம். மெஹராஜுக்கு அந்த நாக்கின் மேல் நம்பிக்கையில்லை. ஃபர்சான் மிக்சர் பொட்டலத்தைத் தின்று வளர்ந்த நாக்கு அது என்பது அவர் கணிப்பு.

சட்டியில் கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மெஹராஜ் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் கொடுத்தார். மாரீஸ்வரி வாயில் வைத்தார். வெந்த அரிசி குழைவாக இருந்தது. கொத்துக்கறி பல்லில் பட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“எத்தனை கை போட்டிய, மைனி?” என்று கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதேயில்லை.

இரண்டு கை என்றார் மெஹராஜ். அந்தச் சட்டிக்கு இரண்டு கை எப்போதும் சற்றுக் குறையும் என்பது மாரீஸ்வரிக்கு நினைவிருந்தது. இன்னும் அரைக் கை போடச் சொன்னார். மெஹராஜ் போட்டார்.

ஜாடியில் இருந்தது கல்லுப்பு அல்ல என்பதை மாரீஸ்வரி கவனிக்கவில்லை. அந்த மாதச் சாமானை ஷைஸ்தா போனில் வரவழைத்திருந்தாள். வந்தது பாக்கெட் தூளுப்பு. கல்லுப்பில் ஒரு கை என்பது பாதி உப்பு, பாதி இடைவெளி. தூளுப்பில் ஒரு கை முழுக்க உப்பு. மெஹராஜ் அதைப் பார்த்துதான் அள்ளினார். ஆனால் கை பழைய கணக்கிலேயே அள்ளிவிட்டது, மிச்சத்தை மைனியின் நாக்குப் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியமும் இருந்தது.

அன்று மாலை தூக்கில் வந்த கஞ்சியை நாகராஜ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். இன்றைக்கு யார் உப்புப் பார்த்தது என்று கேட்க வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். மாரீஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதின்மூன்று மணி நேரம் பச்சைத் தண்ணீர் படாத வாயோடு சுவருக்கு அந்தப் பக்கம் நான்கைந்து பேர் முதல் மிடறு குடித்திருப்பார்கள்.

மறுநாள் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அவர் போனார். உள்ளே கால் வைக்கும்போதே மெஹராஜ் மருமகளை ஏசிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டுத் தூளுப்பு வாங்கினாய், இந்த வீட்டில் எந்தக் காலத்தில் தூளுப்பு வந்தது, நோன்பாளிகள் வாயில் வைக்க முடிந்ததா என்று அடுக்கிக்கொண்டே போனார். ஷைஸ்தா அடுப்படி மூலையில் தண்ணீர் புழங்கும் மோரியில் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

மெஹராஜ் இவரைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். “ஒங்க நாக்கு தப்பாது மைனி. நீங்க பாக்கையில தூளுப்பு அடியில கரையாம கெடந்திருக்கு. நீங்க போன பொறவு கரைஞ்சிருக்கு. எல்லாம் இந்தப் புள்ள செஞ்ச வேல.”

மாரீஸ்வரி சொல்ல வந்ததைச் சொல்லியிருக்கலாம். குறைந்தது, பேசாமலாவது இருந்திருக்கலாம்.

“ஆமா மைனி. தூளுப்பு அப்படித்தான் காலை வாரிரும்” என்றார்.

அன்று உப்பு எத்தனை கரண்டி என்று கேட்டுக்கொண்டு, மனதுக்குள் கணக்குப் போட்டு, சரியாக இருக்கிறது என்றார். மாலையில் வந்த கஞ்சியை நாகராஜ் முழுவதும் குடித்தார். மூன்றாம் நாளும் குடித்தார். நான்காம் நாள் இன்னும் கொஞ்சம் கேட்டார். கணக்கு கைகூடிவிட்டது என்று மாரீஸ்வரி நினைத்தார். நாக்கு திரும்பும்வரை கண்ணால் பார்த்தே சமாளிக்கலாம் என்ற தெம்பு வந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் போகும்போது ஷைஸ்தா நிற்கும் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

வழக்கமாக வடைத் தட்டை நாகராஜ்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒன்பதாம் நோன்பன்று பட்டறையில் அவசர வேலை, அவர் வரத் தாமதமாகும் என்று தகவல் வந்தது. ஐந்து மணிக்கு உப்புப் பார்த்துவிட்டு வந்த மாரீஸ்வரி, வடையைச் சுட்டு எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குத் தாமே மறுபடியும் போனார்.

மெஹராஜ் மேலே மாளா என்கிற பரண் அறையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். ஏணி வழியாக அந்தச் சத்தம் இறங்கி வந்தது. கீழே ஷைஸ்தா அடுப்பின் முன்னால் நின்று கரண்டியால் கஞ்சியை வாயில் வைத்துப் பார்த்தாள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள். கிளறினாள். மறுபடியும் பார்த்தாள். இன்னொரு சிட்டிகை போட்டுவிட்டுத் திரும்பியவள், வாசலில் வடைத் தட்டோடு நிற்கிறவரைக் கண்டாள்.

மாரீஸ்வரி ஏணிப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, எத்தனை நாளாக என்று மெதுவாகக் கேட்டார்.

“செகண்ட் டேலேர்ந்து, ஆன்ட்டி.” அவளும் குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கு உப்பே இல்லாம ஏக்தம் ஃபீக்கா இருந்துச்சு. நான் நோம்பு இல்லல்ல, வாயில வச்சுப் பார்த்தேன்.”

“மாமிகிட்ட சொல்லலையா?”

“நான் சொன்னா நம்புவாங்களா? ஃபர்சான் நாக்குன்னு சொல்வாங்க.” சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: “நீங்க ஸ்பூனை வாயில வச்சிட்டு உப்பு ஜாடியைப் பார்த்தீங்க. டேஸ்ட் தெரிஞ்சவங்க எதுக்கு ஜாடியைப் பார்க்கணும்? அப்பவே சமஜ்ல வந்துடுச்சு.”

“ஒன்ன அன்னைக்கு ஏசினாகளே. அப்ப நானும் ஆமான்னு…”

“சோடோ ஆன்ட்டி, விடுங்க. மாமி எதுக்குத்தான் ஏசல?”

அவள் தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவள் கோபப்பட்டிருந்தால் மாரீஸ்வரிக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்படியே விட்டிருக்கலாம். இன்னும் மூன்று வாரம் அந்தப் பெண் பேசாமல் சரிசெய்துகொண்டிருப்பாள். கஞ்சி நன்றாக இருக்கும். சுவர் தட்டப்படும். யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமில்லாத பொய்யில் குற்றம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிப் புத்தகங்களில் நீண்ட வாதங்கள் உண்டு. படித்து முடித்தாலும் தெளிவு வருவதில்லை. மாரீஸ்வரி அவற்றைப் படித்தவரல்ல. கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகு அவர் கண்ணில் நின்றது.

வடைத் தட்டைக் கொடுக்காமல் தரையில் வைத்தார். ஏணிப்பக்கம் போய் நிமிர்ந்து, மைனியைக் கொஞ்சம் இறங்கி வரச் சொன்னார்.

மெஹராஜ் ஓதிக்கொண்டிருந்த இடத்தை முடித்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார். ஏணியின் கடைசிப் படியில் அவர் நிற்கும்போதே மாரீஸ்வரி சொல்லிவிட்டார்.

“எனக்கு நாக்கு செத்துப்போச்சு மைனி. தை மாசத்துலேர்ந்து ஒண்ணுமே தெரியல. மொத நாள் கஞ்சிய கெடுத்தது நான்தான். இந்தப் புள்ள இல்ல. இத்தன நாளும் அவதான் எனக்குப் பொறவு சரி பண்ணியிருக்கா.”

மெஹராஜ் படியிலேயே நின்றார். முதலில் மருமகளைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாரீஸ்வரியைப் பார்த்தார்.

“நோம்பாளிய முன்னால நின்னு பொய் சொல்லியிருக்கிய.”

“சொன்னேன்.”

“என்னைய வச்சு இவள ஏச வச்சிருக்கிய.”

“ஆமா.”

மெஹராஜ் வேறெதுவும் கேட்கவில்லை. காய்ச்சலைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோகூடக் கேட்கவில்லை. மருமகளிடம், உப்பு இப்போது சரியாக இருக்கிறதா என்றார். அவள் தலையாட்டினாள். மெஹராஜ் திரும்பி ஏணியில் ஏறிப் போய்விட்டார். மாரீஸ்வரி வீட்டுக்கு வந்தார்.

அன்று நோன்பு திறந்ததும் முதல் தம்ளர் கஞ்சியை மெஹராஜ் கணவருக்குக் கொடுக்கவில்லை, நோன்பே வைக்காத மருமகள் கையில் கொடுத்தார். ஜெயினுலாப்தீன் காரணம் புரியாமல் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாராம். இதை ஷைஸ்தா பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

பத்தாம் நோன்பன்று சுவர் தட்டப்படவில்லை. ஐந்து மணிக்கு மாரீஸ்வரியின் கத்தரி தானாக நின்றது. அடுத்த வீட்டில் வெங்காயம் வதங்கும் ஓசை கேட்டது, பிறகு மூடி வைக்கிற ஓசை. அவர் வடைக்கு ஊறவைத்த பருப்பை அரைத்தார். வடைத் தட்டு போயிற்று, கஞ்சித் தூக்கு வந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை. கஞ்சி நன்றாக இருக்கிறது என்று நாகராஜ் வாய்தவறிச் சொன்னார். சொன்ன பிறகு, நான் வேண்டுமானால் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சும்மா இருங்கள் என்றார் மாரீஸ்வரி.

பதினொன்றாம் நாளும் தட்டவில்லை. பன்னிரண்டாம் நாளும் தட்டவில்லை. மாரீஸ்வரிக்கு மெஹராஜ் மேல் வருத்தமில்லை. இனி அந்த வீட்டில் உப்புப் பார்க்க ஆள் இருக்கிறது, அது சரியான நாக்கும்கூட. தமக்கு அங்கே வேலையில்லை. நாக்கு போன அன்றே முடிந்திருக்க வேண்டியதை நோன்பில் ஒன்பது நாள் இழுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் தவறில்லை என்று தோன்றினாலும், ஐந்து மணி ஆனதும் கை நின்றுவிடுவதை அவரால் தடுக்க முடியவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. மெஹராஜ் நின்றுகொண்டிருந்தார். நோன்பு நேரத்தில் அடுப்பை விட்டு அவர் வெளியே வருவதில்லை. நடந்து வந்தது நான்கு எட்டுதான். ஆனாலும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கஞ்சி எறக்கப் போறேன். வாங்க.”

மாரீஸ்வரி எழுந்து நின்றார். மடியிலிருந்து நூல் துண்டுகள் உதிர்ந்தன. உப்புக் குறைகிறதா என்று கேட்டார். ஷைஸ்தா உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாளோ என்று நினைத்தார்.

“உப்பு சரியா இருக்கு. ஷைஸ்தா பாத்துட்டா.”

“பொறவு என்னைய என்னத்துக்குக் கூப்பிடுதிய?”

“நீங்க பாக்கலல்லா.”

“எனக்குத் தெரியலையே, மைனி.”

“தெரியலன்னா தெரியலன்னு வந்து சொல்லுங்க. மிச்சம் இருக்க நாளெல்லாம் வந்து தெரியலன்னு சொல்லுங்க. பொய்தான் சொல்லக் கூடாது.” மெஹராஜ் மூச்சு வாங்கினார். “மூணு நாளா கஞ்சி எறக்கையில யாரு மூஞ்சியப் பாக்கதுன்னு தெரியாம நிக்கேன்.”

மாரீஸ்வரி சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு கூடவே போனார்.

மெஹராஜ் கரண்டியில் எடுத்து, வழக்கம்போல் ஊதிக் கொடுத்தார். மாரீஸ்வரி வாங்கி வாயில் வைத்தார். இந்தத் தடவை ஜாடியைப் பார்க்கவில்லை. ஷைஸ்தா கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி விழுங்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தார். எங்கிருந்தாவது ஏதாவது வருகிறதா என்று நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார்.

“தெரியல” என்றார்.

சரி என்று சொல்லி மெஹராஜ் சட்டியை இறக்கினார்.

அதன் பிறகு மாதம் முடியும்வரை ஐந்து மணிக்குச் சுவர் தட்டப்பட்டது. மாரீஸ்வரி போனார். ஒருநாள் தெரியவில்லை என்றார். ஒருநாள் ஏதோ லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் ஆசையில் தோன்றுகிறதாகவும் இருக்கலாம் என்றார். அப்படியானால் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம் என்றார் மெஹராஜ். ஒருநாள் ஜெயினுலாப்தீன் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டவர், ருசி தெரியாத ஆளைக் கூப்பிட்டுத் தினமும் கேட்கிறீர்களே, இது என்ன கூத்து என்று கேட்டார். உங்களுக்கு பெல்ட்டைத் தவிர என்ன தெரியும் என்று மெஹராஜ் சொன்னதும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். மாரீஸ்வரிக்கு நாக்கு திரும்பவில்லை. இதை எழுதும்வரை திரும்பவில்லை. எலுமிச்சைத் துண்டோடு வருகிறவர்களிடம் இப்போது வாய்ப்புண் என்று சொல்வதில்லை, விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். சிலர் துண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிலர், ஷைஸ்தாவிடம் காட்டுங்கள் என்று அவர் சொன்னால், அந்தப் பெண்ணையா என்று தயங்குகிறார்கள். வேறு சிலர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, காய்ச்சல் எப்படி வந்தது என்று முதலிலிருந்து கேட்கிறார்கள்.

அந்த ரமலானின் கடைசி நோன்பன்று மெஹராஜ் கரண்டியை நீட்டினார். மாரீஸ்வரி வாயில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஷைஸ்தாகூடப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தெரியல மைனி. சூடு மட்டும் தெரியுது.”

“சூடு சரியா இருக்கா?”

“சரியா இருக்கு” என்றார் மாரீஸ்வரி.

மெஹராஜ் அடுப்பை அணைத்தார்.